கண்ணாடித் திசைகாட்டி

திருப்பூர் ஊசிகளால் வாழும் ஊர். நொய்யலாற்றின் இருமருங்கும் பரந்துள்ள அந்நகரின் எந்தத் தெருவில் நடந்தாலும், வட்டப் பின்னல் எந்திரங்கள் சுழலும் ஓசை செவியில் விழும். அத்தகைய பெரிய எந்திரம் ஒன்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊசிகள் வட்டமாக நிற்கின்றன. அவற்றுள் ஒன்றன் கொக்கி முறிந்தால் போதும். இறங்கிவரும் துணியின் நீளம் முழுவதும் ஒரு கோடு விழுந்துவிடும். தைக்கும் இடத்திலோ எச்சரிக்கை இன்னும் மிகுதி. ஏற்றுமதி நிறுவனங்களில் தையல் ஊசி ஒன்று முறிந்தால், அதன் துண்டுகள் அனைத்தையும் தேடியெடுத்துப் பதிவேட்டில் ஒட்டிக் காட்டிய பின்னரே புது ஊசி பெறமுடியும். தைத்து முடித்த ஆடைகளும், இரும்புத் துணுக்கைக் காந்தப் புலத்தால் அறியும் பொறி ஒன்றனுள் சென்று வெளிவரும். எங்கோ ஒரு நாட்டில் ஒரு குழந்தையின் தோலில் முள்போல் ஓர் ஊசிமுனை தைத்துவிடக் கூடாது என்பதற்கே இத்தனை காவல்.

ஊசியின் அருமையை இவ்வளவு நன்றாக அறிந்த அவ்வூரில், வேறோர் ஊசியைப்பற்றிப் பேசுவது பொருத்தமே. அது தைக்காது, பின்னாது, ஒரு கூர்முனைமேல் அமர்ந்து வடக்கு நோக்கி நிற்கும். அதுவே திசைகாட்டியின் ஊசி.

காந்தம் தோய்ந்த ஊசி திசை காட்டும் என்பதைச் சீனர் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்தனர். பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த சென் குவோ என்னும் சீன அறிஞர், ஊசி நேர்தெற்கில் நில்லாமல் சற்றே கிழக்கில் சாய்ந்து நிற்பதையும் குறித்து வைத்தார். அது ஏன் அவ்வாறு நிற்கிறது என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. 1600ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு மருத்துவர் வில்லியம் கில்பர்ட், நாம் வாழும் இந்நிலவுலகமே ஒரு பெருங்காந்தம் என்று நூலெழுதி நிறுவினார். அக்காந்தத்தின் முனைகள் உலகின் அச்சு முனைகளோடு ஒன்றுவதில்லை. ஆதலின் ஊசி காட்டும் வடக்கும் உண்மை வடக்கும் பெரும்பாலான இடங்களில் சிறிது வேறுபடுகின்றன. திருப்பூரில் இவ்வேறுபாடு இரண்டு பாகைக்கும் குறைவு. ஊசி உண்மை வடக்கிலிருந்து சற்றே மேற்காக நிற்கும். வேறு சில நாடுகளில் அது பத்துப் பாகைக்கும் இருபது பாகைக்கும் மேற்படும். இவ்வகையில் கொங்கு நாட்டார் நற்பேறு உடையவர் எனலாம்.

ஆயினும் ஒரு பாகை என்பது சிறிது என்று எண்ணிவிடலாகாது. ஒரு பாகை தவறி ஒரு கிலோமீட்டர் நடந்தால், சேரவேண்டிய இடத்திற்குப் பதினேழு மீட்டர் விலகி நிற்போம். பத்துக் கிலோமீட்டர் நடந்தாலோ விலக்கம் ஏறக்குறைய நூற்றெழுபத்தைந்து மீட்டர் ஆகும். மூடுபனியில் ஒரு கிணற்றின் இப்பக்கம் நடப்பதற்கும் அப்பக்கம் நடப்பதற்கும் உள்ள இடைவெளி அதனினும் மிகச் சிறிது.

இடுப்பளவில் உள்ளங்கைமேல் வைத்துப் பார்க்கும் எளிய திசைகாட்டியில் பிழை நேர்வது எவ்வாறு? தொலைவில் உள்ள மரத்தை நோக்கும்போது கண் ஊசியை விட்டுவிடுகிறது. ஊசியை நோக்கக் குனியும்போது மரத்தை விட்டுவிடுகிறது. நிமிர்வதற்கும் குனிவதற்கும் இடையே கை திரும்பிவிடும். இக்குறையை நீக்க எழுந்ததே கண்ணாடித் திசைகாட்டி. இதன் அடித்தட்டு ஒளி ஊடுருவும் பொருளால் ஆனது. நிலப்படத்தின்மேல் வைத்தால் அடியில் உள்ள கோடுகள் தெரியும். தட்டின் நடுவே, திரவம் நிரம்பிய சிறு கிண்ணத்துள் ஊசி மிதப்பதுபோல் சுழல்கிறது. திரவம் இல்லையேல் ஊசி நெடுநேரம் ஊசலாடிக்கொண்டிருக்கும்; திரவத்துள் சில நொடிகளில் அமைதியுறும். திசைகாட்டியோடு கோணமானியை இணைத்த வடிவம் 1930களில் சுவீடன் நாட்டில் உருவாயிற்று. அதே காலத்தில் பின்லாந்து நாட்டவரான துவோமாசு வோலோனன் திரவம் நிரப்பிய கைத்திசைகாட்டியைச் செம்மையாகச் செய்யும் முறையைக் கண்டார். கிண்ணத்தைச் சுற்றி 360 பாகையும் பொறித்த வளையம் ஒன்று உண்டு. அதனைக் கையால் திருப்பலாம்.

இவையனைத்தினும் சிறந்த உறுப்பு மூடியே. மூடியின் உட்புறத்தில் ஒரு கண்ணாடி. கண்ணாடியின் நடுவே ஒரு கோடு. விளிம்பில் துப்பாக்கியின் குறிமுனைபோல் ஒரு பிளவு. மூடியை ஏறக்குறைய அரைச் செங்கோணம் திறந்து, கருவியைக் கை நீட்டிக் கண்ணுக்கு நேரே பிடிக்கவேண்டும். பிளவின் வழியே தொலைவிலுள்ள மரமோ கோபுரமோ தெரியும். அவ்வேளையிலேயே, கீழே உள்ள கிண்ணமும் ஊசியும் கண்ணாடியில் நிழலாடும். கண்ணாடிக் கோட்டின் நிழல் கிண்ணத்தின் நடுவைக் கடந்து செல்கிறதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும்; சென்றால் கருவி கோணாமல் இருக்கிறது என்பது பொருள். பின்னர், ஊசியின் செம்முனை அதற்கென வரைந்த அம்பினுள் அடங்கும்வரை வளையத்தைத் திருப்பினால், பிளவில் தெரியும் பொருளின் திசைக்கோணம் வளையத்தில் வந்து நிற்கும். குனிதலும் இல்லை, நிமிர்தலும் இல்லை. எட்டத்தில் உள்ள இலக்கும் கையில் உள்ள ஊசியும் ஒரே பார்வையில் அடங்கிவிடுகின்றன. பழகிய கையில் பிழை ஓரிரு பாகைக்குள் நின்றுவிடும்.

சில கருவிகளில் மலைச்சரிவை அளக்கும் சிறு முள்ளும் உண்டு. சிலவற்றில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாட்டை ஒருமுறை திருகி அமைத்துவிடலாம். கண்ணில் தூசு விழுந்தால் பார்த்தெடுக்கவும், வழிதவறியவர் வெயிலை மின்னவைத்துத் தம் இருப்பிடத்தை அறிவிக்கவும் கண்ணாடி உதவும். இவை நல்லவையே, ஆனால் கடைக்காரர் விரித்துரைக்கும் அளவுக்கு நாள்தோறும் பயன்படுவன அல்ல.

வாங்குவோர் கேட்க மறக்கும் செய்தி ஒன்று உண்டு. காந்த ஊசி வடக்கு நோக்குவது மட்டுமன்று. முனைகளை நெருங்க நெருங்க நிலத்தை நோக்கிக் குனியவும் செய்யும். ஆகவே வட ஐரோப்பாவிற்கெனச் செய்யும் ஊசியில் தென்பாதியைச் சற்றுக் கனமாக்கிச் சமன் செய்வர். காந்த நடுக்கோடோ இந்தியாவின் தென்கோடி வழியே செல்கிறது. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் 1963ஆம் ஆண்டு இந்தியா தன் முதல் ஆராய்ச்சி ஏவுகணையைச் செலுத்தியதற்கு, அவ்விடம் அக்கோட்டை ஒட்டியிருந்தமையே காரணம். அக்கோட்டிற்கு அண்மையிலுள்ள திருப்பூரில் ஊசி ஏறக்குறையக் கிடைமட்டமாகவே நிற்கும். வட ஐரோப்பாவிற்குச் சமன் செய்த ஊசியைக் கொண்டுவந்து இங்கே பிடித்தால் அதன் தென்முனை தாழ்ந்து கிண்ணத்தில் உராயும். சுழலாமல் முரண்டு பிடிக்கும். கருவி பழுதன்று, அது வேற்றுநிலத்திற்கு உரியது.

திருப்பூர்ப் பள்ளி ஒன்றன் சாரணர் குழுவிடம் இத்தகைய கண்ணாடித் திசைகாட்டி ஒன்று இருந்தது. ஒன்றே ஒன்றாதலின் அதனை ஏந்தும் உரிமை அணித்தலைவனுக்கே உரியதாயிற்று. அவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். அவனுடைய தாய் ஒரு பனியன் நிறுவனத்தில், தைத்த ஆடைகளில் நீண்டு நிற்கும் நூல்முனைகளை நறுக்கிச் சரிபார்க்கும் பணி செய்துவந்தார்.

தைத் திங்களில் ஒருநாள் விடியற்காலையில் சாரணர் பன்னிருவர் தம் ஆசிரியருடன் காங்கயத்திற்குத் தெற்கேயுள்ள ஊதியூர் மலைக்கு மேற்கில், சாலையோரம் ஒன்றில் வந்து இறங்கினர். அங்கிருந்து மேய்ச்சல் நிலங்களின் ஊடே நடந்து மலையடியைச் சேர்வது அன்றைய பயிற்சி. அப்பகுதியின் மேய்ச்சல் நிலத்தைக் கொறங்காடு என்பர். கிளுவை முள்வேலி நாற்புறமும் சூழ, கொழுக்கட்டைப் புல் தரையில் படர, வெள்வேல மரங்கள் ஆங்காங்கே நிற்கும். காங்கயம் காளைகளை வளர்த்த நிலம் அது. ஆனால் வழிப்போக்கனுக்கு ஒரு கொறங்காட்டிற்கும் அடுத்ததற்கும் வேற்றுமை தெரியாது. நேராக நடக்கவும் வேலி விடாது. கடவு தேடிப் பக்கவாட்டில் சென்று, அதே அளவு அடிகளை மறுபுறம் திரும்ப நடந்து, விட்ட கோட்டைப் பிடிக்கவேண்டும். நில உரிமையாளரிடம் ஆசிரியர் முன்னரே இசைவு பெற்றிருந்தார்.

அன்று மூடுபனி. மலை இருக்கும் சுவடே தெரியவில்லை. இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டராக வரைந்த நில அளவைப் படத்தின்மேல் திசைகாட்டியை வைத்து, செல்லவேண்டிய கோணம் 110 பாகை என்று அணித்தலைவன் கணித்தான். ஆசிரியர் சரிபார்த்துத் தலையசைத்தார். பனியின் விளிம்பில் மங்கலாகத் தெரியும் மரம் ஒன்றைக் கண்ணாடியின் வழியே குறிவைப்பது, அதனை அடைந்ததும் அதற்கப்பால் மற்றொன்றைக் குறிவைப்பது என்று நடக்கத் தொடங்கினர். திரும்பிப் பார்த்தால் அடையாளம் தெரிவதற்காக, சிவப்புப் பனியன் துணியின் வெட்டுக் கழிவிலிருந்து நாடா நறுக்கி மரந்தோறும் கட்டினர். அதற்கெனத் தாயின் நூல்வெட்டும் சிறு கத்தரியை அணித்தலைவன் கொண்டுவந்திருந்தான். முதல் மரத்தில் நாடா கட்டியபின், கத்தரி எங்கேனும் விழுந்துவிடுமோ என்று அஞ்சி, அதனைத் திசைகாட்டித் தட்டின் ஓரத்துத் துளையிலேயே இறுக முடிந்துகொண்டான். அம்மாவிடம் பத்திரமாகத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பதே அவன் எண்ணம்.

முக்கால் மணிநேரம் சென்றிருக்கும். குழுவில் எல்லாரினும் இளையவனாகிய ஆறாம் வகுப்புச் சிறுவன் மெல்ல அருகில் வந்தான்.

“அண்ணா, புறப்படும்போது கிழக்கு வெளுப்பு முகத்துக்கு நேராக இருந்தது. இப்போது வெளிச்சம் வலக்கன்னத்தில் விழுகிறதே?”

“சூரியன் நகரும், ஊசி நகராது. நீ பேசாமல் நாடாவைப் பிடித்துக்கொண்டு வா” என்றான் அணித்தலைவன். பின்னால் வந்தவர்கள் சிரித்தனர். சிறுவன் பின்தங்கிவிட்டான். ஆசிரியர் வரிசையின் கடைசியில் வந்துகொண்டிருந்தார். அவர் காதில் இது விழவில்லை.

மூன்று கிலோமீட்டர் நடந்தாயிற்று. படத்தின்படி வரவேண்டிய குளம் வரவில்லை. மாறாக, கடவே இல்லாத நெடிய கிளுவை வேலி ஒன்று எதிரே நின்றது. கொண்டுவந்த தண்ணீரில் பாதிக்குமேல் தீர்ந்திருந்தது. அப்போதுதான் பனி விலகலாயிற்று. நேரெதிரே எழவேண்டிய ஊதியூர் மலை வலப்புறம் ஒதுங்கித் தோன்றியது. ஒருவரும் பேசவில்லை.

ஆசிரியர் முன்னே வந்தார். கடைசியாக நாடா கட்டிய வெள்வேல மரம் பின்னால் தெரிந்தது. “தம்பி, வந்த வழியைத் திரும்பிக் குறிவைத்துப் பார்” என்றார்.

இது நில அளவையாளர் கையாளும் பழைய முறை. முன்னோக்கிப் பார்த்த கோணத்திற்கும் அதே கோட்டில் பின்னோக்கிப் பார்க்கும் கோணத்திற்கும் சரியாக 180 பாகை வேற்றுமை இருக்கவேண்டும். இல்லையேல் அண்மையில் இரும்பு ஏதோ ஊசியை இழுக்கிறது என்பது தெளிவு. அது மின்கம்பமாக இருக்கலாம், கைப்பேசியாக இருக்கலாம், சேலத்துக் கஞ்சமலைபோல் காந்தக்கல் நிறைந்த மலையாகவும் இருக்கலாம். இரும்பால் கப்பல் கட்டத் தொடங்கிய காலத்தில் மாலுமிகளை வருத்திய தொல்லையும் இதுவே. கப்பல் திரும்பத் திரும்ப அதன் உடல் ஊசியை ஒவ்வொரு திசையில் ஒவ்வோர் அளவு பிறழச் செய்தது.

முன்னோக்கு 110. எனவே பின்னோக்கு 290 வரவேண்டும். அணித்தலைவன் கருவியைக் கண்ணுக்கு நேரே பிடித்தான். 266 வந்தது. மீண்டும் பார்த்தான், 266. கண்ணாடியில் ஊசிக்குப் பக்கத்தில் அவனுடைய முகத்தின் ஒரு பகுதியும் தெரிந்தது. அவன் மூடியைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டான்.

“அந்தக் கத்தரியை அவிழ்த்து என்னிடம் கொடு” என்றார் ஆசிரியர்.

முடிச்சு இறுகியிருந்தமையால் அவிழ நேரமாயிற்று. கத்தரி கருவியை விட்டு நீங்கியதும் ஊசி அசைந்து, சுழன்று, புதிய இடத்தில் நின்றது. மறுபடி குறிவைத்தபோது வந்த எண் 278. அவ்வாறாயின் அவர்கள் நடந்த கோணம் 98, நடக்கவேண்டியது 110. முன்னோக்கில் பன்னிரண்டு பாகை ஒருபுறமும், பின்னோக்கில் பன்னிரண்டு பாகை மறுபுறமும் கத்தரி ஊசியைத் திருப்பியிருந்தது. சிறு கத்தரிக்கு இத்தனை வலிமை எங்கிருந்து வந்தது? தைக்கும் இடத்தில் கீழே சிந்தும் ஊசிகளைப் பொறுக்கக் காந்தக் கட்டி ஒன்று வைத்திருப்பர். அவன் தாயின் கத்தரி நாள்தோறும் அதன்மேல் ஒட்டிக் கிடந்து, தானும் ஒரு காந்தமாகிவிட்டது.

மூன்று கிலோமீட்டர் தொலைவில் பன்னிரண்டு பாகைப் பிழை என்பது அறுநூறு மீட்டருக்கு மேற்பட்ட விலக்கம். ஆசிரியர் சினந்துகொள்ளவில்லை. வேலி நிழலில் எல்லாரையும் அமரச் செய்து, நில அளவையின் பழைய கதை ஒன்றைச் சொன்னார். 1802இல் சென்னைப் பரங்கிமலையருகே தொடங்கிய பெரும் முக்கோண அளவையை நடத்திய வில்லியம் லாம்டன், 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின்மேல் தம் பெரிய கோண அளவைக் கருவியை ஏற்றுவித்தபோது, கயிறு பிழைத்து அது சுவரில் மோதிச் சிதைந்தது. அவர் அதனை எறிந்துவிடவில்லை. கூடாரத்தினுள் புகுந்து, பகுதி பகுதியாகப் பிரித்து, ஆறு வாரம் முயன்று வட்டத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். கதை முடிந்ததும், “இப்போது நாம் இருக்கும் இடம் எது என்று கண்டுபிடிப்போமா?” என்றார்.

அதற்கும் திசைகாட்டியே துணை. வடக்கே தொலைவில் சிவன்மலை நீலமாய் நின்றது. தென்கிழக்கில் அண்மையில் ஊதியூர் மலை. இரண்டின் உச்சியையும் கண்ணாடியில் குறிவைத்துக் கோணம் எடுத்து, படத்தில் அவ்வம் மலையிலிருந்து பின்னோக்கிக் கோடு வரைந்தால், இரு கோடுகளும் வெட்டும் புள்ளியே நிற்கும் இடம். அணித்தலைவன் கருவியை இளையவனிடம் நீட்டினான்.

“நீ பார்.”

சிறுவன் கை முதலில் நடுங்கியது. கண்ணாடிக் கோட்டைக் கிண்ணத்தின் நடுவிற்குக் கொண்டுவரச் சிறிது நேரம் பிடித்தது. அவன் இரு கோணங்களையும் சொல்ல, மற்றவன் கோடுகளை வரைந்தான். குளத்திற்கு வடக்கே அறுநூறு மீட்டர் தள்ளி ஒரு வேலி ஓரத்தில் கோடுகள் வெட்டின. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் அவ்வழியே வந்தார். படத்தைச் சுற்றிக் குனிந்திருந்த பிள்ளைகளைப் பார்த்து, “குளத்துக்குங்களா கண்ணு? தெற்கே அந்த வேலியைப் பிடிச்சாப்பிலேயே போங்க, கடவு வரும்” என்றார். படமும் அவர் வாக்கும் ஒத்திருந்தன. உச்சிப்பொழுதிற்கு முன் அவர்கள் மலையடியைச் சேர்ந்தனர்.

மாலையில் ஊர் திரும்பும் பேருந்தில், குழுவின் பதிவேட்டை எழுதும் முறை அணித்தலைவனுடையது. தவறான கோணங்களை அடித்துவிட்டுச் சரியானவற்றை மட்டும் எழுதலாமா என்று பக்கத்திலிருந்தவன் கேட்டான். அவன் விடை கூறவில்லை. 110, 266 என்ற எண்களை எழுதினான். அவற்றின் கீழே 278 என்றும், கத்தரி கட்டப்பட்ட மரம் எது, அவிழ்க்கப்பட்ட வேலி எது என்றும் எழுதினான். வெளிச்சத்தைப் பற்றி முதலில் சொன்னவன் பெயரையும் எழுதினான். பின், கத்தரியைத் துளையில் முடிந்திருந்த கயிற்றுத் துண்டை எடுத்து, அம்மா வேலை செய்யும் இடத்தில் முறிந்த ஊசியை ஒட்டுவதுபோல், அப்பக்கத்தின் ஓரத்தில் ஒட்டிவைத்தான்.